அஞ்சிய நாய்க்கு ஆறுதல் தரும் கை



சென்ற ஆண்டு மே திங்களில் எம் பங்கைச் சேர்ந்த கிளைச் சிற்றூர் ஒன்றில் தேர்த் திருவிழா நடைபெற்றது. அன்றிரவு பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் வீட்டு நாயே கடித்துவிட்டது. அது தெருவில் திரியும் நாயன்று. குட்டியாக வந்த நாள்முதல் அவன் கையால் சோறுண்டு வளர்ந்த நாட்டு நாய். தேர் தெருமுனையில் திரும்பியபோது வேட்டுகள் வெடித்தன. நாய் நடுநடுங்கி மாட்டுத் தொழுவத்துள் ஓடி, வைக்கோற் போருக்குப் பின்னே ஒடுங்கிற்று. அதற்கு ஆறுதல் அளிக்க எண்ணிய சிறுவன் பின்தொடர்ந்து சென்று, இரு கைகளாலும் அதன் கழுத்தைக் கட்டி இறுக அணைத்தான். மறுகணம் அவன் முன்கையில் பற்கள் பதிந்துவிட்டன.

நான் அவ்வீட்டிற்குச் சென்றபோது காயத்தின்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தார்கள். அதைத்தான் முதலில் கழுவச் சொன்னேன். நாய் கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதலே முதல் மருத்துவம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் முதலியன புண்ணை எரிக்குமேயன்றி நோய்க்கிருமியைத் தடுக்கமாட்டா. பின்னர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி போடுவார்கள் என்று கேட்டறிந்திருந்த அச்சிறுவன் வழிநெடுக அழுதான். அது பழைய கதை. அவ்வகைத் தடுப்பு மருந்து 2004ஆம் ஆண்டிற்குப் பின் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் தோளருகே தோலில் சிறு ஊசிகள் போடுகிறார்கள். காயம் ஆழமானால் அதைச் சுற்றியும் ஒரு மருந்தைச் செலுத்துவர். ஒரு தவணையும் தவறக்கூடாது. வெறிநோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

ஊசி முடிந்தது. நாயின் கதை முடியவில்லை.

"சோறு போட்ட கையைக் கடித்தது இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது, சாமி. லாரியில் ஏற்றி எங்காவது விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டேன்" என்றார் தந்தை. வளர்த்த நாயைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றேன். அவர் அசையவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கால்நடைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன் அவன் நாயையும் அக்கல்லில் வடித்து, கோவிவன் என்னும் அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாய்க்கும் கல் நட்டவர்களன்றோ நம் முன்னோர் என்று அதையும் எடுத்துச் சொன்னேன். "அது கள்ளனைக் கடித்த நாய், சாமி. இது என் மகனைக் கடித்த நாய்" என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அவ்வேளையில் துணைக்கு வந்தவர், எம் பங்கில் வாழும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர். அவர் சட்டத்தையும் பேசவில்லை, கல்வெட்டையும் பேசவில்லை. "பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனியுங்கள், யாரும் அதைத் தொட வேண்டாம், சோற்றையும் தண்ணீரையும் எட்டத்தில் வைத்துத் தள்ளிவிடுங்கள்" என்றார். கடித்த நாய் பத்து நாளுக்குப் பின்னும் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்கவில்லை என்று கொள்ளலாம். அதற்காகப் பையனின் ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போடலாகாது. இரண்டும் ஒரே வேளையில் நடக்க வேண்டியவை.

பத்து நாள் கழிந்தது. நாய் நலமாகவே இருந்தது. ஆனால் அதற்குத் தடுப்பூசி ஒருமுறையேனும் போட்டதில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஏன் போடவில்லை? "பிடிக்கவே முடியாது, சாமி. கை வைத்தாலே சீறும்" என்றார்கள். உணவு தரும் கையை அந்நாய் அறியும். உடலைத் தொடும் கையை அது அறியாது. அதன் உடலில் மனிதக் கை பட்டதெல்லாம் சங்கிலி மாட்டவும், அடிக்கவும், அன்றிரவு இறுக்கிப் பிடிக்கவும்தான். நம் சிற்றூர்களில் எத்தனை வீட்டு நாய்களின் நிலை இது!

இதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. தை பிறக்குமுன்னரே தச்சங்குறிச்சியில் விண்ணேற்பு அன்னை ஆலயத் திருவிழாவையொட்டி ஜல்லிக்கட்டு தொடங்கிவிடும் மாவட்டம் நம்முடையது. இங்கே காளை வளர்ப்போரைப் பாருங்கள். வாடிவாசலில் எவரையும் அருகே விடாத காளை, வீட்டில் ஒரு சிறுமியின் முன்னே தலையைத் தாழ்த்தி நிற்கும். கன்றுப் பருவந்தொட்டு அதன் அலைதாடியை நீவி, திமிலைத் தடவி, விலாவைத் தேய்த்துக் குளிப்பாட்டிய கையன்றோ அது! கறவைக்கு உட்காரும் பெண்ணும் அப்படியே. மடியைக் கழுவி மெல்லத் தடவிச் சற்றுப் பொறுத்திருந்த பின்னரே காம்பில் கை வைப்பாள். இல்லையேல் பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அவ்வாறு பாலை இறக்கிவிடும் சுரப்புநீருக்கு ஆக்சிடோசின் என்று பெயர். தாய்க்குப் பால் இறங்கச் செய்வதும் அதுவே. தென்னாப்பிரிக்க அறிஞர்களான ஒடன்டால், மைன்ட்ஜஸ் இருவரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மனிதர் ஒருவர் நாயைத் தடவி அமைதியாகப் பேசியிருக்கும்போது நாய், மனிதர் ஆகிய இருவர் குருதியிலும் இதே நீர் மிகுவதையும், இருவர்தம் இரத்த அழுத்தமும் தணிவதையும் கண்டார்கள். பசுவிடம் இதை அறிந்த கை, காளையிடம் அறிந்த கை, வாசலில் கிடக்கும் நாயிடம் மட்டும் அறியாமற்போனது ஏனோ?

தொடுதலின் வினைமுறை இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. 1939ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் சொட்டர்மன், பூனையின் தோலிலிருந்து செல்லும் மெல்லிய நரம்பிழைகளில் சில மென்மையான தொடுகைக்குக் கிளர்ச்சியுறுவதைக் கண்டார். மனிதர் தோலிலும் இத்தகைய இழைகள் உண்டென்று அந்நாட்டவரே பிற்காலத்தில் நிறுவினர். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் மெதுவான வருடலுக்கே அவை மிகுதியாக மறுமொழி தருகின்றன. விரைந்து தேய்த்தால் அவை ஏறக்குறைய வாளாவிருக்கும். அழும் குழந்தையின் முதுகைத் தாய் எவ்வளவு மெதுவாக நீவுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அவள் அளவுகோல் வைத்து அளந்தாளா?

நாய்களைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. பாவ்லவ் என்னும் உருசிய அறிஞரின் மாணவராயிருந்து, பின் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணியாற்றிய ஹார்ஸ்லி கான்ட், மனிதர் தடவும்போது நாயின் இதயத்துடிப்பு குறைவதை 1960களில் பதிவு செய்தார். ஒகையோ மாநிலத்தில் ஹென்னசி என்பவர் குழுவினர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. காப்பகத்து நாய்களுக்கு ஊசியால் இரத்தம் எடுக்கும்போது, அச்சத்தில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர், தடவிக் கொடுக்கப்பட்ட நாய்களில் அவ்வளவாக மிகவில்லை. அவர்களுடைய முந்தைய ஆய்வில் பெண்கள் தடவியதே நன்கு பயனளித்தது. பெண்கள் தடவும் அமைதியான முறையை ஆண்களுக்கும் கற்பித்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆடவர் கவனிக்க!

நம் கதைக்கு வருவோம். அவ்வீட்டில் ஓர் அப்பத்தா இருக்கிறார். எழுபதைக் கடந்தவர்; ஊரில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை அவருடையது. நாய்க்கு நாள்தோறும் சோறு வைப்பவரும் அவரே. அவரிடம் மட்டும் அது சீறுவதில்லை. கால்நடை மருத்துவர் அவரையே தேர்ந்தெடுத்தார். "சிறுவன் இப்போதைக்கு எட்டியே இருக்கட்டும்" என்றார்.

முதல் வாரம் தொடவேயில்லை. அப்பத்தா நாயின் பக்கவாட்டில், அதை நேருக்குநேர் பாராமல், முறத்துடன் அமர்ந்து அரிசி புடைப்பார். நாய் தானே எழுந்து வந்து முகர்ந்தால், விரல்களை மடக்கிப் புறங்கையைத் தாழ்வாகக் காட்டுவார். அவ்வளவே. நாயின் மேல் குனிந்து கவிந்து நிற்பதும், உச்சந்தலையில் தட்டுவதும் நாம் அன்பென்று எண்ணிச் செய்பவை. நாய்க்கோ அவை மிரட்டல்போல் தோன்றும். ஜெர்மனியில் 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வும், அறிமுகமில்லாதவர் தலையைத் தடவுவது, பாதத்தைப் பிடிப்பது, படுக்க வைத்து அழுத்துவது ஆகியவற்றுக்கு நாய்கள் கலக்கக் குறிகளைக் காட்டின என்கிறது. மார்பின் பக்கத்தையும் கழுத்தின் அடிப்புறத்தையும் தொடுவதை அவை நன்கு ஏற்கின்றன.

இரண்டாம் வாரம் புறங்கையால் தோளின் பக்கத்தில் மூன்று நொடி தொட்டார். உடனே கையை எடுத்துவிட்டார். இந்தக் கையை எடுத்தல்தான் வித்தையின் உயிர்நாடி என்பது மருத்துவரின் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கையை எடுத்ததும் நாய் சாய்ந்து வந்தால் மீண்டும் தொடலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, உதட்டை நக்கினாலோ, காரணமின்றிக் கொட்டாவி விட்டாலோ, விழியின் வெண்மை தெரியப் பார்த்தாலோ, உடல் விறைத்தாலோ அது "வேண்டாம்" என்கிறது என்று பொருள். உறுமல் என்பது அதன் கடைசிச் சொற்களுள் ஒன்று. உறுமியதற்காக அடிக்கப்பட்ட நாய், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

பின்னர் நீவுதல். உள்ளங்கையைப் படிய வைத்து, மயிர் படிந்த திசையிலேயே, கழுத்தின் பக்கத்திலிருந்து விலா வழியாகத் தொடை வரை ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். நடுத்தர நாயொன்றுக்கு இது இரண்டடி நீளம் இருக்கும். அதைக் கடக்க ஏறக்குறைய 15 நொடி ஆக வேண்டும். செய்து பார்த்தால்தான் அது எவ்வளவு மெதுவென்பது விளங்கும். எனக்குப் பொறுமை போதவில்லை. ஆறு நொடியில் முடித்துவிட்டேன். நாய் எழுந்து போய்விட்டது.

காதை நீவுவது தனிக்கலை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே காதின் அடியைப் பிடித்து நுனிவரை இழையவிட வேண்டும். இதையும், விரல்நுனியால் தோலின்மேல் வட்டமிடும் முறையையும் உலகெங்கும் பரப்பியவர் லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் என்னும் அம்மையார். 1937ஆம் ஆண்டு கனடாவில் பிறந்தவர், குதிரைப் பயிற்சியாளர். மனிதர் உடலியக்கத்தைத் தொடுகையால் சீர்ப்படுத்தும் முறையை வகுத்த மோஷே ஃபெல்டன்கிரைசிடம் 1975ஆம் ஆண்டு முதல் சான் பிரான்சிஸ்கோவில் பயின்று, அதைக் குதிரைகளுக்கும் பின்னர் நாய்களுக்கும் ஏற்றபடி மாற்றினார். வட்ட முறை 1983இல் உருவாயிற்று. தோலின்மேல் ஒரு கடிகார முகத்தை எண்ணிக்கொண்டு, 6 மணி இடத்தில் விரல்நுனியை வைத்து, வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்றும், மேலும் கால் சுற்றும் சென்று 9 மணி இடத்தில் நிறுத்த வேண்டும். மயிரின்மேல் விரல் வழுக்கக்கூடாது. விரலோடு தோல் நகர வேண்டும். மூடிய இமையின்மேல் நாம் தாங்கும் அழுத்தமே போதும். ஓரிடத்தில் ஒரு வட்டம். பின் அடுத்த இடம். அம்மையார் இதற்குக் கூறும் பயன்கள் அனைத்தையும் அறிவியல் மெய்ப்பித்துவிட்டதெனச் சொல்ல இயலாது. "ஒன்றேகால் சுற்றுத்தானா? ஒன்றரை சுற்றினால் ஆகாதா?" என்று அப்பத்தா கேட்டார். ஆகும் என்றே நினைக்கிறேன். மெதுவாகவும், ஒரே சீராகவும், நாயின் இசைவோடும் செய்வதில்தான் பயன் இருக்கிறது.

நாளுக்கு ஐந்து நிமிடம், மிகுந்தால் பத்து. உண்டவுடன் வேண்டாம், சற்று நடந்து வந்து படுத்திருக்கும் வேளை நன்று. கால்களையும் பாதங்களையும் கடைசியாகவே தொட வேண்டும். வீக்கம், புண், எலும்பு முறிவு, காய்ச்சல், தோல் நோய் உள்ளபோது நீவுதல் கூடாது. அரசு கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நமக்குத் தலைவலிக்குப் பூசும் தைலத்தை நாயின் மூட்டில் தேய்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கற்பூரமும் யூகலிப்டசு எண்ணெயும் நாய்க்கு நஞ்சு. அது நக்கி விழுங்கிவிடும். நாம் விழுங்கும் வலிமாத்திரைகளும் அதற்கு ஆகா. கிழநாயின் மூட்டுவலிக்கு இளஞ்சூடான துணி ஒற்றடம் இடலாம். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்போர் இன்னும் இலேசான கையால் தொடுக; அவற்றின் தோலடியில் கொழுப்பு மிகக் குறைவு. வெள்ளை இராஜபாளையம் நாய்களுள் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றை உறக்கத்தில் பின்னிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். தரையை மெல்லத் தட்டி எழுப்பிய பின்னரே அணுக வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் நம் வீட்டு நாய்க்கு, அதை அறிந்தவர் செய்பவை. தெருவில் காணும் நாயைத் தடவிப் பழகப் பிள்ளைகளை விடாதீர்கள். பழகிய நாயே திடீரெனக் குணம் மாறினாலும், வாயில் நீர் வடிய விழுங்க இயலாமல் தவித்தாலும் ஒருவரும் அணுகலாகாது. நம் கோவில்களில் புனித ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் வாயில் அப்பத்துடன் நிற்கும் நாயைப் பார்த்துப் பழகிய சிறுவர்க்கு எல்லா நாயும் நண்பனாகத்தான் தோன்றும்.

அப்பத்தாவின் கை நாய்க்கு அமைதியை மட்டும் தரவில்லை. நான்காம் வாரத்தில் அதன் காதடியில் கொத்தாய்ப் பிடித்திருந்த உண்ணிகளையும், சங்கிலி உராய்ந்து கழுத்தில் ஏற்பட்டிருந்த பழம்புண்ணையும் அக்கைதான் கண்டுபிடித்தது. சிறுவன் திருவிழா இரவில் இறுக அணைத்த இடம் அதுவே. அதைப் பார்த்த தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். மறுநாள் சங்கிலி போய், அகலமான துணிப்பட்டை வந்தது.

ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு 1885ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி செலுத்தத் தொடங்கிய நாள் ஜூலை 6. அந்நாளில் கால்நடை மருந்தகங்களில் இலவசமாகத் தடுப்பூசி போடுவது வழக்கம். அப்பத்தா நாயை நடத்தியே அழைத்து வந்தார். முன்னெச்சரிக்கையாக வாய்க்கட்டு இட்டிருந்தார்கள். அதையும் ஒரு வாரம் வீட்டில் பழக்கியிருந்தார்கள். அவர் தரையில் அமர்ந்து அதன் மார்பின் பக்கத்தை நீவிக்கொண்டிருக்க, மருத்துவர் ஊசியைப் போட்டு முடித்தார். நாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். கயிற்றில் கட்டி நால்வர் இழுத்து வந்த வேறு நாய்கள் அன்று அலறிய அலறலை நான் இன்னும் மறக்கவில்லை.

அஞ்சும் நாயைத் தடவினால் அச்சம் வளர்ந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பிழை. அச்சம் என்பது பரிசு பெறுவதற்காகச் செய்யும் வித்தையன்று. ஆறுதலால் அது மிகுவதில்லை. ஆனால் ஆறுதலை நாய் தேடி வர வேண்டும். ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து அதை இழுத்து வந்து அணைப்பது ஆறுதலாகாது.

இவ்வாண்டுத் திருவிழாவிற்கு முன் ஊர்ப் பெரியவர்கள் கூடியபோது, வேட்டுகளைத் தெருவில் வெடிக்காமல் கண்மாய்க் கரையில் வெடிக்கலாம் என்று அந்தத் தந்தையே எழுந்து சொன்னார். சிலர் சிரித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அன்றிரவு நான் அவ்வீட்டின் வழியே சென்றேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே வானொலி சற்று உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. அப்பத்தாவின் கட்டிலுக்கு அடியில் நாய் படுத்திருந்தது. நடுக்கம் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வேட்டுக்கும் காதுகள் பின்னே மடங்கின. சிறுவன் கட்டிலருகே தரையில், நாயைப் பாராமல், கையை மட்டும் தாழ்வாக நீட்டி அமர்ந்திருந்தான். நான் நின்று பார்த்த அளவில் நாய் வெளியே வரவில்லை. அவனும் கையை எடுக்கவில்லை.